தோல் சீவுகிறவன் என்கிற பேர்

அன்பு மகள் டார்கஸுக்கு அப்பா சொல்லி எழுதுவித்தது. கர்த்தருடைய கிருபையால் நீயும் மாப்பிள்ளை சைலஸும் பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று போடட்டுமா என்று எலன் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டாள், வேண்டாம் அம்மா, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்று போடு, அது பொய்யில்லை என்றேன். எலன் என்றால் நம் சேப்பலைப் பெருக்கி விளக்கேற்றுகிற எலன்தான், ஞாயிறு வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாளே அவள். கல்யாணம் ஆகவில்லை, அவள் அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். இதுவரை என் கடிதத்தையெல்லாம் உன் அண்ணன் ஆசாதான் எழுதினான். இது அவனை வைத்து எழுத முடியாத கடிதம், அதனால் வயலைத் தாண்டி எலன் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்து சொல்கிறேன். ஆசாவுக்கு இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

உன் கடிதம் ஈஸ்டர் கழிந்த வாரம் வந்தது. இங்கே மழை விட்டபாடில்லை, கீழ் மேய்ச்சல் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, மாடுகளை வெளியே இறக்க முடியவில்லை, காய்ந்த புல் அடி தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. சேப்பலுக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார், மீசை முளைக்காத பையன், பிரசங்கம் மட்டும் நீளம். நீ மறுபடியும் முழுகாமல் இருக்கிறாய் என்றும் அறுவடைக் காலத்தில் பிரசவம் இருக்கும் என்றும் எழுதியிருந்தாய், அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், இந்த வருஷத்தில் எனக்கு வந்த நல்ல செய்தி அது ஒன்றுதான். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஆசா உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தான். பாதியில் ஒரு இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளைத் திருப்பிவிட்டான். எழுத்துத் தெரியாதவனுக்குக் காதுதான் கண், நீ ஒரு பேச்சை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவன் குதிரைக்கு லாடம் அடிக்கப் போன நேரம் பார்த்து லெட்டியைக் கூப்பிட்டு அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். லெட்டியை உனக்கு நினைவிருக்கும், நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்று அத்தையை விடமாட்டேன் என்று உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுத ஆசாவின் மகள், அவளுக்கு இப்போது பதினைந்து வயது.

அவன் விட்டுவிட்டுப் போன இடத்தில் நீ ஒரு வார்த்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாப்பிள்ளை வேலை பார்க்கிற சீஸ் தொழிற்சாலையில் மேனேஜர் பத்திரிகை வாசித்தபோது, பாலம் கட்டுகிற விஷயத்தில் சர்க்கார் 'சீஸ்பேரிங்' புத்தியை, அதாவது சீஸ் தோல் சீவுகிற புத்தியைக் காட்டுகிறது என்று போட்டிருந்ததாம். கஞ்சப் புத்தி என்று எல்லாருக்கும் பொருள் புரிந்ததாம், ஆனால் சீஸ் தோலைச் சீவுவதற்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன ஒட்டு என்று ஒருத்தருக்கும் சொல்ல வரவில்லை, நீங்கள்தான் செஷயர் ஆட்கள், சீஸிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்களாம். நம் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லையே, அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். நீ கேட்டிராததில் ஆச்சரியமில்லை அம்மா. உன் அம்மா இருந்தவரைக்கும் அந்த வார்த்தைக்கு நம் வாசற்படி ஏற வழியில்லை. இப்போது ஏறிவிட்டது. அதனால்தான் உன் அண்ணனுக்கு அதை வாசிக்க நாக்கு வரவில்லை.

அகராதி எழுதுகிற பெரிய மனிதர்கள் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது சாப்பாட்டு மேஜை. மாதக்கணக்காய் மச்சில் கிடந்த சீஸின் தோல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றின துணியின் நூலும் பூஞ்சையும் பூச்சி அரித்த தூளுமாய் இருக்கிறதைச் சீவித் தட்டோரம் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவோம், ஒதுக்கினது நாய்க்கும் கோழிக்கும் போகும். ஒரு விலையும் இல்லாத அந்தச் சீவலில் போய் மிச்சம் பிடிக்கிறவன் எவனோ அவனுக்கு வந்த பேர் அது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்பதும் அதுவும் ஒன்றுதான். நான் முதன்முதலில் அதைக் கேட்டது பால்பல் விழுந்து முடியாத வயதில் வேலைக்கு நின்ற பண்ணையில். அந்த வீட்டு எஜமானியம்மா நாங்கள் சாப்பிடும்போது ஒரு மண் தட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நிற்பாள். ஒவ்வொருத்தர் தோளுக்கு மேலாகவும் எட்டிப் பார்ப்பாள், எவ்வளவு கனமாகச் சீவுகிறோம் என்று. சீவி முடித்ததும் தோலைப் பொறுக்கிக்கொண்டு போவாள், மறுநாள் அது எங்கள் சூப்பில் மிதக்கும். ஒருநாள் அந்தப் பண்ணை வண்டிக்காரர் தலையைத் திருப்பாமலே மெதுவாகச் சொன்னார், "எஜமானியம்மா, தோலை நீங்க எடுத்துட்டுப் போயிடறீங்க, நாய் எங்க மூஞ்சியைப் பாக்குது. அதுவும் இந்த வீட்டுல சம்பளமில்லாம உழைக்கிற ஜீவன்தானே." நாங்கள் தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் ஆள் எடுக்கும் சந்தையில், எந்த வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்று யாராவது கேட்டால் அவர் பண்ணைப் பேரைச் சொல்லவில்லை, தோல் சீவுகிற வீட்டிலிருந்து என்றார். அவ்வளவுதான், வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு நல்ல ஆள் ஒருத்தன் போகவில்லை. வேலையாட்கள் வாயில் பிறந்து சந்தையில் வளர்ந்த வார்த்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பத்திரிகைக்காரர்கள் அதை எங்களிடமிருந்துதான் வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஆனால் மேனேஜரிடம் இன்னொன்றையும் சொல்லு. மெல்லியதாகச் சீவுகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பேர் வராது. உன் அம்மா சீவிய தோலை விளக்கு முன்னால் பிடித்தால் வெளிச்சம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அது அவளுடைய தட்டில். வேலையாட்களுக்கு முன்னால் சீஸை முழுசாக வைத்து, கத்தியை வைத்து, உடனே முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறப் போய்விடுவாள், கிளற ஒன்றும் இல்லாவிட்டாலும் கிளறுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மனுஷன் சாப்பிடறப்ப அளவு பாக்குற கண்ணு பின்னால இருந்தா, அந்தக் கண்ணு அவன் தொண்டையில நிக்கும்" என்றாள். நம் வீட்டுக்கு வந்த ஆட்கள் வருஷம் முடிந்தும் போகாததற்கு அதுதான் காரணம். ஒரே கத்திதான், யாருடைய தட்டில் சீவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆசா பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை, தன் ரொட்டியைக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு அதற்காக அடி வாங்கின பிள்ளை அவன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவன் மனைவி சூசன்னா இறந்ததை எழுதியிருந்தோம். அதே வருஷம் எஸ்டேட் ஏஜெண்ட் குத்தகையை உயர்த்தினார். அப்போது பயம் வந்து அவனுக்குள் உட்கார்ந்தது, வந்தது எழுந்து போகவேயில்லை. முதலில் மெழுகுவர்த்தி, பிறகு அடுப்புக் கரி, பிறகு நாய்க்குப் போடுகிற ரொட்டி என்று ஒவ்வொன்றாகக் குறைந்தது. நான் பேசாமல் இருந்தேன், குறைத்துக்கொள்வதில் தப்பில்லை, எங்கள் காலத்தில் நாங்களும் குறைத்துக்கொண்டவர்கள்தான். போன கோடையில் அடித்த வெயிலில் மச்சில் இருந்த சீஸ் எல்லாம் வெடிக்கத் தொடங்கியது. வெடிப்பு கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், விரல் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும், நல்ல சீஸும் கொஞ்சம் அதோடு போகும், போகத்தான் வேண்டும், பிறகு குழியில் வெண்ணெயைப் பூசி அந்த சீஸை விற்பனைக்கு வைக்காமல் வீட்டு மேஜைக்கு எடுத்துக்கொள்வோம். ஆசாவுக்கு மனசு வரவில்லை. வெடித்த வாயை மட்டும் நகம் வெட்டுவது போலச் சுரண்டிவிட்டு, மேலே புதுத் துணியை மாவுப் பசை போட்டு ஒட்டினான். இன்னும் ஆழமாகப் போ என்று ஒருமுறை சொன்னேன். "நீங்க சொல்ற ஆழத்துக்குப் போனா ஒவ்வொண்ணுலயும் ஒரு வேளைச் சாப்பாடு போயிடுது அப்பா" என்றான். ஈ அதற்குள் முட்டையிட்டிருந்ததை அவன் பார்க்கவில்லை, அவன் கண் கத்தியில் ஒட்டினதைத்தான் பார்த்தது.

இலையுதிர்காலத்தில் வியாபாரி வந்தார், நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து வருகிறவர்தான். வழக்கம்போலத் துளைக்கம்பியைச் சொருகித் திருகி இழுத்து, முகர்ந்து, துளி கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதியைத் திரும்பத் துளையிலேயே வைத்து அடைத்துக்கொண்டே வந்தார். அலமாரியின் பாதி நல்லபடி போயிற்று. பிறகு ஒரு சீஸில் புதுத் துணி ஒட்டு அவர் கண்ணில் பட்டது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். துணியை எடுக்கச் சொன்னார். ஆசா எடுத்தான். புழு துள்ளியது, சீஸ் புழு ஊர்ந்து போகிற சாதி இல்லையே, அவர் சட்டைவரைக்கும் துள்ளியது. அவர் கம்பியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கெட்டுப்போன சீஸை நான் வாங்கியிருக்கேன் ஆசா. மூடி வச்ச சீஸை வாங்கினதில்ல" என்று சொல்லிவிட்டு, மச்சு நிறைய இருந்த நல்ல சீஸையும் அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். இதையெல்லாம் மச்சில் நின்ற லெட்டி பிறகு சொன்னாள், நான் அடுப்பருகில் இருந்து அவருடைய வண்டிச் சத்தம் பாதை முனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஆசா வெகுநேரம் மச்சை விட்டு இறங்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் அந்தச் சீவுகிற புத்தி சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. மச்சில் இருந்ததை நிலக்கரிச் சுரங்கத்துக் கடைக்காரன் ஒருத்தனுக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டான், அவன்கூட வேண்டாம் என்று ஒதுக்கினதை வீட்டுக்கு வைத்துக்கொண்டான். முழு சீஸும் கத்தியும் மேஜைக்கு வருவது நின்றது, அவனே அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு தோலோடு வைத்தான். ஒருநாள் சாப்பாடு முடிகிற நேரம் அவன் கை வண்டிக்காரர் ஏமஸ் தட்டோரம் கிடந்த தோலுக்குப் போனது. ஏமஸ் உன் பெட்டியை ஸ்டேஷன்வரைக்கும் தோளில் தூக்கி வந்தாரே அவர்தான், ஆசாவைக் குதிரைமேல் முதன்முதல் ஏற்றி வைத்ததும் அவர். அவர் தன் கத்தியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நானா போய் வெளிய எங்கயும் பேச மாட்டேன் தம்பி. ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கிறிஸ்துமஸுக்கு அவர் போனார், பால்வேலைக்கு இருந்த பெண்ணும் கூடவே போனாள். கேட்காமலா இருப்பார்கள். நான்ட்விச்சில் ஆள் எடுக்கும் சந்தையில் ஆசா நின்றபோது நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வருவார்கள், எந்தப் பண்ணை என்பார்கள், கேட்டதும் முன்பணத்துக்கு நீட்டின கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். ஒருத்தன் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஏம்ப்பா, கத்தி நாங்க கொண்டாரணுமா, இல்ல நீங்களே சீவிக் குடுத்துருவீங்களா" என்று கேட்டான், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சந்தை கலைகிறவரைக்கும் நின்றுவிட்டு ஒரு ஆளும் இல்லாமல் திரும்பினோம். அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை டார்கஸ், பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன், சின்னதில் காய்ச்சல் கண்டால் அப்படித்தான் அவன் கழுத்து ஒடுங்கிப் போயிருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஆள் இல்லாததால் பால் அறை வேலை முழுவதும் லெட்டி தலையில் விழுந்தது. மாடுகள் கன்று போட்டுப் பால் பெருகினதும் அவள் ஒருத்திதான் காய்ச்சுவது, திரட்டுவது, உப்புப் போட்டு அழுத்துவது எல்லாம். உன் அம்மா காலத்தில் இரண்டு பெண்களும் ஒரு ஆளும் சேர்ந்து மச்சுக்கு ஏற்றின அறுபது ராத்தல் சீஸை இவள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தனியாக ஏற்றினாள், மேலே இருக்கிற ஒவ்வொன்றையும் நாள் தவறாமல் புரட்டினாள். படிக்கட்டில் மெழுகுவர்த்தி வைப்பதை ஆசா எப்போதோ நிறுத்திவிட்டான், பழகின கால்தானே என்பான். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில் ஒருநாள் ஏறும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. சீஸை விட்டிருந்தால் படியோரம் கட்டின கயிற்றைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. கீழ்ப்படி வரைக்கும் முதுகால் சறுக்கி வந்தாள். நான் தடியைத் தேடி எழுந்து போவதற்குள் ஆசா முற்றத்திலிருந்து ஓடிவந்தான். சீஸ் அவள் வயிற்றின்மேல் இருந்தது, இரண்டு கையும் அதைச் சுற்றி இருந்தது, முகம் மாவு போல வெளுத்துக் கிடந்தது. அவனைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, உடையல. ஒரு கீறல்கூட இல்ல." ஆசா குனிந்து சீஸை எடுத்தான். திருப்பிப் பார்த்தான், மேஜைமேல் வைத்தான், அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கை கொடுத்தான். நல்லவேளை என்றான். எதற்குச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

ஊர் எலும்பு கட்டுகிறவனை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தான், எலன்தான் நேரே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். இடுப்பு எலும்பு இடம் மாறியிருக்கிறது, வளர்கிற உடம்பு, ஒரு வருஷம் பாரம் தூக்காமல் இருந்தால் சரியாக வாய்ப்பு உண்டு, தூக்கினால் கோணலாகவே நின்றுவிடும், பின்னால் பிள்ளைபெறுவதுகூட உயிருக்கு ஆபத்தாகும் என்று டாக்டர் சொன்னார். ஆசா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நாள் அவளைப் படுக்க விட்டான். அப்புறம் சின்ன சீஸ் மட்டும் புரட்டலாம் என்றான். இப்போது சின்னது பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. நடக்கும்போது ஒரு பக்கம் இறங்கி இறங்கி நடக்கிறாள், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டால், "தாத்தா, நான் வாத்து மாதிரி போறேன்ல, குவாக் குவாக்" என்று சத்தம் போட்டுக் காட்டுவாள், படி ஏறும்போது பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். இன்னொன்றும் சொல்கிறேன், அவள் சாப்பிட்ட தட்டில் தோல் இருப்பதில்லை. யாரும் தின்னச் சொல்லவில்லை, தானாகவே தின்றுவிடுகிறாள்.

ஆசாவிடம் நான் பேசாமல் இல்லை. பால் வேலைக்கு ஒரு பெண்ணை வை என்றேன், யார் வருவார்கள் என்றான். பாதி மாட்டை விற்றுவிடு, வேலை குறையும் என்றேன். அப்போதுதான் அவன் கண் கலங்கிச் சொன்னான், "இதெல்லாம் யாருக்கு அப்பா? நான் குழிக்குள்ள எடுத்துட்டுப் போகவா? அவளுக்குத்தானே சேக்கறேன்." அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கென்று சேர்ப்பதை அவளிடமிருந்தே சீவி எடுத்துக்கொண்டிருக்கிறான், அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. என் வார்த்தை இனி அவனிடம் எடுபடாது, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

அதனால் நீ இதைச் செய்ய வேண்டும். லெட்டியை உன்னிடம் கூப்பிட்டுக்கொள். இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நீயாகவே ஆசாவுக்கு எழுது. சுருக்கமாக எழுது. பிரசவ நேரத்தில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும், இங்கே ஆள் கிடைக்கவில்லை, லெட்டியை அனுப்பு, சாப்பாடும் துணியும் எங்கள் பொறுப்பு என்று எழுது. அவள் விழுந்ததைப் பற்றி எழுதாதே, இடுப்பைப் பற்றி எழுதாதே, பாவம் என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம், அம்மா இருந்திருந்தால் என்று தொடங்கவே தொடங்காதே. அவளுடைய நன்மைக்கு என்று அவனுக்குத் தோன்றினால் ரோஷப்பட்டு மறுத்துவிடுவான், தனக்கு மிச்சம் என்று தோன்ற வேண்டும். பால் அறைக்கு யார் என்று கேட்பான், அதற்கு வழி செய்துவிட்டோம். நான் வருகிறேன் என்று எலன் சொல்லியிருக்கிறாள். அவருடைய சீஸ் தோலுக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன், என் சாப்பாட்டை நானே கட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துத் தின்பேன் என்கிறாள், இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். அவள் திடமானவள், துணைக்கு ஆள் வைக்காவிட்டால் பெரிய சீஸைத் தொடமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் உண்டு, லெட்டிக்கு இல்லை. அப்படியானால் லெட்டி இங்கேயே இருக்கலாமே என்று நீ கேட்பாய். அவள் இருந்தால் அவன் எலனை வைக்க மாட்டான், இரண்டு பேர் எதற்கு என்பான். லெட்டியும் சும்மா உட்கார மாட்டாள். தாத்தாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நிற்பாள், அதற்கு நான் அவளிடம் இரண்டு கடுமையான வார்த்தை பேச வேண்டியிருக்கும், பேசிவிடுவேன். அவள் கப்பலேறினால் இந்த வயதில் நான் அவளை மறுபடி பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவள் வந்து சேர்ந்ததும் கொஞ்ச நாளைக்கு உன் குழந்தையைக்கூட அவள் கையில் கொடுக்காதே, உட்காரவைத்து மடியில் கொடு. தோலைத் தின்றால் திட்டாதே, ஏன் என்று கேட்காதே, பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாதே, அவளாக ஒருநாள் ஒதுக்கி வைப்பாள். அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடம் நான் வணங்கிக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லு, என் வாழ்நாளில் அவரிடம் கேட்கிற முதலும் கடைசியும் இதுதான்.

ஒரே மகளை விட்டுவிடுவானா என்று உனக்குச் சந்தேகம் வரும். விடுவான். உன் கடிதத்தை இரண்டு முறை வாசிப்பான், மேஜைமேல் விரலால் ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பான், பிறகு போகட்டும் என்பான். என் மகளை அனுப்ப முடியாது என்று அவன் மேஜையைக் குத்தி ஒரே ஒரு சத்தம் போட்டான் என்றால், உன் கடிதத்தை நானே அடுப்பில் போட்டுவிட்டு லெட்டியை இங்கேயே வைத்துக்கொள்வேன் டார்கஸ், என் மகன் இன்னும் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு எனக்கு வேறென்ன வேண்டும். ஆனால் அவன் சத்தம் போட மாட்டான்.

கர்த்தர் உன் வயிற்றில் இருக்கிறதையும் வீட்டில் இருக்கிறவர்களையும் தம் கையால் மூடிக் காப்பாராக, உனக்குச் சுகப்பிரசவம் தருவாராக. மறந்துவிடாதே, கப்பல் டிக்கெட்டை மாப்பிள்ளை அங்கேயே லெட்டி பேரில் வாங்கி அனுப்பட்டும், காசாக அனுப்ப வேண்டாம். காசாக வந்தால் அது அவன் பணம் பூட்டி வைக்கிற தகரப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று உண்மையாகவே நினைத்துத்தான் உள்ளே வைப்பான். எனக்குப் பதில் எழுதுவதானால் எலன் பேருக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா ஏனோக் டட்டன்
× இது அப்பா தன் கையால் போட்ட குறி